கூட்டத்தில் ஒருத்தி: சூப்பர் ஹீரோ படங்களின் ஒற்றைக் கதாநாயகி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்தில் குறும்படக் கதையும் காமிக்ஸும் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. படங்களின் முடிவுகளையும் பேசியிருக்கிறேன், அதனால் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

சூப்பர் ஹீரோ படங்களில் இப்போது பெண்கள் நிறைய வந்துவிட்டார்களே, இன்னும் ஏன் "ஒரே ஒருத்தி" என்று பேசுகிறீர்கள்?

வந்திருக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் ஒரு குழுவாகச் சண்டை போடும் படங்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். 2012ல் வந்த அவெஞ்சர்ஸில் ஆறு பேர், அதில் பிளாக் விடோ என்கிற நட்டாஷா ஒருத்தி. 2014ல் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸியில் ஐந்து பேர், அதில் ஒருவர் மரம், ஒருவர் ரக்கூன், அந்த இரண்டு பேரும்கூட ஆண்கள்தான், கமோரா மட்டும் பெண். 2017 ஜஸ்டிஸ் லீக்கில் ஆறு பேர், வொண்டர் வுமன் என்கிற டயானா ஒருத்தி. ஃபென்டாஸ்டிக் ஃபோர் 1961ல் காமிக்ஸாக வந்த நாள் முதலே நாலில் ஒருத்தி.

1991ல் கேதா பாலிட் என்ற அமெரிக்கக் கட்டுரையாளர் இதற்கு ஸ்மர்ஃபெட் விதி என்று பெயர் வைத்தார். ஸ்மர்ஃப் என்ற கார்ட்டூனில் நீல நிறக் குள்ளர்கள் ஒரு கிராமமே இருப்பார்கள். ஒருவன் புத்திசாலி, ஒருவன் சோம்பேறி, ஒருவன் சிடுமூஞ்சி, இப்படி ஒவ்வொருவனுக்கும் ஒரு குணம். ஒரே ஒரு பெண் இருப்பாள், பெயர் ஸ்மர்ஃபெட், அவளுடைய குணம் என்ன என்று கேட்டால், பெண்ணாக இருப்பது. அவ்வளவுதான். பாலிட் பேசியது குழந்தைகள் பார்க்கும் நிகழ்ச்சிகளைப் பற்றி. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் பிறகு கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுக்கிறார்கள், அதைப் பார்க்க டிக்கெட் எடுப்பவர்களும் அவர்கள்தான்.

ஒருத்தி இருந்தால் என்ன தப்பு? கதைக்கு அவ்வளவுதான் தேவை என்றால்?

எண்ணிக்கை மட்டும் என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். ஒருத்தியாக இருப்பதால் அவள் தலையில் ஏறுகிற சுமைதான் பிரச்சினை. அயர்ன் மேனாக வரும் டோனி ஸ்டார்க் திமிர் பிடித்தவனாக இருக்கலாம், ஆணெல்லாம் திமிர் பிடித்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பக்கத்திலேயே நேர் எதிர்க் குணத்தோடு கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் நிற்கிறான், அந்தப் பக்கம் தோர் பெருமை பேசுகிறான், இந்தப் பக்கம் ஹல்க்காக மாறும் ப்ரூஸ் தன்னையே பார்த்துப் பயப்படுகிறான். நட்டாஷாவுக்கு அப்படிப் பக்கத்தில் யாரும் இல்லை. அவள் கோபப்பட்டால் பெண்கள் அப்படித்தான், அவள் அழுதால் பெண்கள் அப்படித்தான், அவள் சண்டையில் தோற்றால் அதற்கும் அதே பேச்சு. எழுதுகிறவருக்கும் இது தெரியும். அதனால் பயந்து பயந்து எழுதுகிறார். தப்பே செய்யாத, எல்லாம் தெரிந்த, நிதானமான, ஆண்கள் சண்டை போட்டால் நடுவில் புகுந்து சமாதானம் செய்கிற ஒருத்தியாக அவளை ஆக்கிவிடுகிறார்.

இதில் கெட்டுப்போவது அவளுடைய ஆசை. ஒரு பாத்திரம் எதற்கு ஏங்குகிறது, அதற்காக எதையெல்லாம் கெடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்பதில்தான் கதையே நகர்கிறது. தப்பு செய்ய விடாமல் பாதுகாக்கப்படுகிற பாத்திரத்துக்கு ஆசைப்படவும் அனுமதி கிடையாது. நல்ல மனுஷி, நல்ல வேலைக்காரி, அப்புறம் ஒன்றுமில்லை.

இது புதிய பழக்கமும் இல்லை. வொண்டர் வுமன் 1941ல் காமிக்ஸில் பிறந்தாள். அடுத்த வருஷமே அவளை ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற வீரர் குழுவில் சேர்த்தார்கள். கொடுத்த வேலை, செயலாளர். தெய்வ வலிமை கொண்டவள் ஆண்கள் சண்டைக்குப் போகும்போது அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

பிளாக் விடோவைப் பற்றியே ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்? அவளை நன்றாகத்தானே எழுதியிருக்கிறார்கள்?

ஆமாம், நன்றாக எழுதிய இடங்கள் இருக்கின்றன, அதனால்தான் மீதி இடங்கள் இவ்வளவு வலிக்கின்றன. 2012 படத்தில் அவள் முதலில் வரும் காட்சியை மறுபடி பாருங்கள். நாற்காலியில் கட்டிப்போட்டு மூன்று பேர் அவளை விசாரிக்கிறார்கள். உள்ளபடி விசாரணை நடத்துவது அவள்தான், கட்டப்பட்டவளிடம் அவர்கள் தாங்களாகவே எல்லாவற்றையும் உளறிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வில்லன் லோகியிடமும் அதையே செய்கிறாள். உடைந்து அழுவது போல நிற்க, அவன் ஜெயித்த மயக்கத்தில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறான். தன்னைக் குறைவாக எடைபோடும் ஆண்களின் கண்ணையே ஆயுதமாக்குகிற பெண். இது அவளுக்கு மட்டுமே உரிய திறமை, வேறு யாரிடமிருந்தும் கடன் வாங்கியது கிடையாது.

அதே காட்சியில் அவளுடைய ஆசையையும் சொல்லிவிடுகிறார்கள். தன் கணக்கில் படிந்திருக்கும் ரத்தத்தைத் துடைக்க வேண்டும். லோகி ட்ரேகாவ் என்பவனின் மகளைக் குறிப்பிட்டு அவளைக் குத்துகிறான். யார் அந்த மகள், நட்டாஷா என்ன செய்தாள்? இது தெரிய ஒன்பது வருஷம் ஆனது. 2021ல் அவளுக்கென்று தனிப்படம் வந்தபோதுதான் பதில் வந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே எண்ட்கேமில் அவளைக் கொன்றுவிட்டிருந்தார்கள். இடையில் டோனிக்கு ஒன்று, ஸ்டீவுக்கு இரண்டு, தோருக்கு இரண்டு என்று தனிப்படங்கள் வந்துகொண்டே இருந்தன.

2015ல் ஏஜ் ஆஃப் அல்ட்ரான். அதில் அவளுக்குப் புதிதாக ஒரு வேலை, கோபத்தில் இருக்கும் ஹல்க்கைத் தாலாட்டுவது போலத் தணிப்பது. அப்புறம் ப்ரூஸோடு தனியாகப் பேசும் காட்சியில், பயிற்சி முடிந்ததும் தன்னைக் கருத்தரிக்க முடியாதபடி செய்துவிட்டார்கள் என்று சொல்கிறாள், தொடர்ந்து குழுவில் அரக்கன் நீ மட்டும்தானா என்றும் கேட்கிறாள். கொலைகளைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் வசனம் அடுத்தடுத்து அப்படி வைக்கப்பட்டிருக்கிறது, தியேட்டரில் கேட்கிறவர் காதில் பிள்ளை பெற முடியாததுதான் அரக்கத்தனம் என்றுதான் விழும். நம்ம ஊரில் பிள்ளை இல்லாத பெண்ணைக் கல்யாண வீட்டில் எங்கே நிற்க வைக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு அந்த வசனம் எவ்வளவு கொடுமை என்று விளக்க வேண்டாம். அந்தக் குழுவில் இன்னொரு பெண் இருந்திருந்தால், அதைக் கேட்டுவிட்டு "அப்படிப் பேசாதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். 2021 படத்தில் தங்கை யெலெனா அதே கொடுமையைப் பற்றிப் பேசும் விதத்தைப் பாருங்கள். தனக்குச் செய்யப்பட்டதைக் கூச்சமே இல்லாமல் அப்பன் முகத்துக்கு நேராக விவரிக்கிறாள், நெளிவது அவன்தான். அவமானம் செய்தவன் பக்கம் போய்விட்டது. இரண்டு பெண்கள் இருந்ததால் வந்த மாற்றம் இது.

கடைசியில் வோர்மிர் என்ற கிரகத்தின் பாறை. 2018ல் வில்லன் தானோஸ் கமோராவைத் தள்ளிவிட்டது அங்கிருந்துதான், 2019ல் நட்டாஷா தானாக விழுந்ததும் அங்கிருந்துதான். இரண்டு குழுக்களின் ஒற்றைப் பெண்களும் ஒரே பாறையிலிருந்து, ஒரே மாயக் கல்லுக்காக. பிறகு மீதி ஐந்து ஆண்களும் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் துக்கப்பட்டார்கள். டோனிக்குத்தான் முழு இறுதிச் சடங்கு. கதைக்குள் ஆயிரம் காரணம் சொல்லலாம், இரண்டு படத்தையும் எழுதியவர்கள் ஒரே ஆட்கள் என்பதால் எனக்கு அந்தக் காரணங்கள் போதவில்லை.

நன்றாகச் சண்டை போடுகிற பெண்ணாக எழுதினால் போதாதா?

போதாது. அடிப்பது சண்டைப் பயிற்சியாளர் அமைத்துக் கொடுப்பது. யாரை அடிக்க மாட்டாள், எப்போது அடிக்காமல் திரும்புவாள், இவைதான் எழுத்தாளர் கொடுப்பது. 2019 கேப்டன் மார்வெலின் முடிவில் பழைய பயிற்சியாளன் யான் ராக், சக்தியை விட்டுவிட்டு வெறும் கையால் என்னோடு மோது என்று சவால் விடுகிறான், அவள் மோதாமல் ஒரே அடியில் தூக்கி எறிந்துவிட்டு, உனக்கு நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்கிறாள். நல்ல காட்சி. ஆனால் அந்தப் படத்தில் நாயகி கேரலின் நினைவையே பாதிப் படம் வரை மறைத்து வைத்ததால், அவள் எதற்கு ஏங்குகிறாள் என்பது நமக்கும் தெரியாமல் போனது, அதனால் வலிமை தெரிந்த அளவுக்கு ஆள் தெரியவில்லை. தோழி மரியாவோடு பழைய சிநேகிதம் பேசும் இடத்தில் மட்டும் சட்டென்று ஆள் தெரிகிறாள்.

பெண்களுக்குக் கொடுக்கிற சக்தியிலும் ஏதாவது ஒரு மாதிரி இருக்கிறதா?

இருக்கிறது. மறைந்துபோவது, மனதைப் படிப்பது, கையை அசைத்துத் தூரத்தில் இருப்பதை நகர்த்துவது. ஃபென்டாஸ்டிக் ஃபோரின் சூ, எக்ஸ்-மென்னின் ஜீன் க்ரே, அவெஞ்சர்ஸில் பின்னால் சேர்ந்த வாண்டா. சக்தி அளவு மீறினால் பித்துப் பிடித்துவிடும், பிறகு ஆண்கள் அடக்க வேண்டும். ஜீன் கதையை 2006லும் 2019லும் இரண்டு தடவை எடுத்தார்கள், 2006ல் வுல்வரின் கையால் சாகிறாள். 2022ல் வாண்டா பிள்ளைகளுக்காகப் பேயாகிறாள்.

நம்ம பக்கத்தில் நீலி, இசக்கி, குமரி அம்மன் என்று எவ்வளவு சக்தி வாய்ந்த பெண்கள். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து என்ன கற்றுக்கொள்ளப் போகிறோம் அக்கா?

இந்தக் கேள்விக்குப் பாதி ஆமாம், பாதி இல்லை.

முதலில் ஆமாம். கொடை விழாவில் வில்லுப்பாட்டில் இசக்கி கதை கேட்டவர்களுக்குத் தெரியும். கள்ளிக்காட்டில் மடியில் தூங்க வைத்துத் தலையில் கல்லைப் போட்டுக் கொன்று நகையைக் கொண்டுபோனவனை, அடுத்த பிறவியில் நீலியாக வந்து தேடிப் பிடிக்கிறாள். எப்படிப் பிடிக்கிறாள்? கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நிற்கிறாள். அவன் இவள் பேய் என்று கதறுகிறான். பெரியவர்கள் பார்ப்பது கைக்குழந்தையோடு அழுகிற ஒரு மனைவியை. இரண்டு பேரையும் ஒரே வீட்டில் தங்க வைத்துவிடுகிறார்கள். விடியும்போது அவன் பிணம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் எழுதிய இந்தக் காட்சியும் நட்டாஷாவின் நாற்காலிக் காட்சியும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். நீலிக்கு ஆசை உண்டு, தந்திரம் உண்டு, நல்லவள் என்று யாரிடமும் பெயர் வாங்க வேண்டிய கட்டாயம் கிடையாது. அவளை நம்பி, அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்த அந்தப் பெரியவர்கள் தீயில் விழுந்து சாகிறார்கள், அந்தப் பழியும் அவள் மேல்தான். ஒற்றைக் கதாநாயகிக்கு இவ்வளவு பெரிய தப்பைச் செய்யும் உரிமையைக் கொடுக்க எந்தப் பெரிய ஸ்டுடியோவுக்கும் துணிச்சல் வரவில்லை.

இப்போது இல்லை என்கிற பாதி. நீலிக்குச் சக்தி வருவது செத்த பிறகுதான். உயிரோடு இருந்தவரை அவள் காதலித்து ஏமாந்த ஒருத்தி. குமரி அம்மன் கதையில் பாணாசுரனைக் கன்னிப் பெண் மட்டுமே கொல்ல முடியும், அதனால் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளையை நாரதர் சேவலாகக் கூவி, விடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகப் போனது. அவள் காத்திருந்தாளே, அவளுக்கு அந்தக் கல்யாணம் வேண்டும் என்றுதானே நின்றாள், உலகத்துக்காக அவளைக் கேட்காமலேயே வேறு யாரோ முடிவெடுத்துவிட்டார்கள். அவளுடைய கோபமும் அதிலிருந்து வருவதாகத்தான் கதை சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். இசக்கியைக் கையில் குழந்தையோடுதான் வடிக்கிறார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவதும் அவளிடம்தான்.

ஆக, மார்வெல் எழுதினாலும் வில்லுப்பாட்டுப் புலவர் எழுதினாலும், கூட்டத்தில் ஒற்றைப் பெண்ணுக்குச் சக்தி கொடுக்கும்போது கை தானாகவே அவள் கர்ப்பப்பை பக்கம் போகிறது. அவள் கன்னியா, தாயா, மலடா என்று தீர்மானிக்காமல் அவளுக்கு வலிமை கொடுக்க யாருக்கும் தெரியவில்லை. ஸ்பைடர்மேனுக்குப் பிள்ளை உண்டா என்று யார் கேட்டார்கள்? இந்த ஒரு இடத்தில் நம்ம மரபையும் வெளிநாட்டையும் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கிறது. நீலியின் தந்திரத்தையும் ஊர் முன்னால் நின்ற அந்தத் தைரியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவளைக் கொன்றுதான் தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள்.

அப்படியென்றால் லோகா படம்? அது நம்ம கள்ளியங்காட்டு நீலிதானே?

ஆமாம், பார்வதிபுரம் தாண்டி இருக்கிற கள்ளியங்காட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே நீலிதான். 2025 ஓணத்துக்கு வந்த மலையாளப் படம், டொமினிக் அருண் இயக்கியது, கல்யாணி பிரியதர்ஷன் சந்திராவாக நடித்தார். முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மாவட்டம் நம்முடையது, இங்கே பலருக்கு மலையாளப் படம் பார்க்க சப்டைட்டில் தேவையில்லை, அதனால் வந்த உடனே எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது, அவள் பிறந்த கதையை மாற்றியது. காதலனால் ஏமாற்றப்பட்டவளாக அவள் வரவில்லை. அரசனின் ஆட்களால் தன் மக்களை இழந்த பழங்குடிச் சிறுமியாக வருகிறாள், குகையில் அவளுக்குச் சக்தி வருகிறது. கர்ப்பப்பை, காதல், கற்பு எதுவும் இல்லாமல் ஒரு தொடக்கம். மலையாள மரபில் நீலியை அடக்கியவராகச் சொல்லப்படும் கடமற்றத்துக் கத்தனார் இதில் வழிகாட்டியாக வருகிறார், அதுவும் நல்ல மாற்றம்.

குறை என்னவென்றால் அவளும் ஒருத்திதான். பக்கத்து வீட்டு சன்னி, அவன் சிநேகிதர்கள், மேலே உத்தரவு போடும் மூத்தவர், உதவிக்கு வரும் சாத்தன், எல்லோரும் ஆண்கள். நிறைய நேரம் அவளை நாம் சன்னியின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், அவளுக்கு என்ன வேண்டும் என்பது மங்கலாகவே இருக்கிறது. இருந்தாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இதே கல்யாணி தமிழில் அறிமுகமானது 2019ல் வந்த ஹீரோ படத்தில், முகமூடி போட்ட நாயகனுக்கு ஜோடியாக. ஆறே வருஷத்தில் முகமூடி இடம் மாறியிருக்கிறது. தமிழில் அந்த இடமாற்றத்தை இன்னும் யாரும் பெரிய அளவில் செய்யவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மின்னல் முரளியில் பிஜி இருக்கிறாளே, அவள் போதாதா?

பிஜியை எனக்குப் பிடிக்கும், கராத்தே சொல்லிக் கொடுப்பவள். ஆனால் அந்த 2021 மலையாளப் படத்தில் என்னை உறுத்துவது உஷா. ஷிபு வில்லனாக முழுதாக மாற வேண்டும், அதற்காக அவள் சாகிறாள். நாயகனோ வில்லனோ, ஒரு ஆண் கொதித்தெழுவதற்காக அவன் நேசித்தவளைக் கொல்வது பழைய வழக்கம். 1973ல் ஸ்பைடர்மேன் காமிக்ஸில் க்வென் ஸ்டேசி செத்தாள். 1994ல் க்ரீன் லாண்டர்ன் காமிக்ஸில் நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போனான் வில்லன், அதைப் பார்த்து வெறுத்துப்போன கெய்ல் சிமோன் 1999ல் இப்படிச் சாகடிக்கப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண்களின் பட்டியலையே வெளியிட்டார். உஷாவின் சாவு நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது, ஷிபுவின் அழுகையில் நானும் அழுதேன். அவளுக்கு அந்த வாழ்க்கையில் என்ன வேண்டியிருந்தது என்று படம் கேட்க இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம்.

பெக்டெல் சோதனையில் பாஸ் ஆனால் சரியான படமா?

இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அலிசன் பெக்டெல் 1985ல் வரைந்த ஒரு காமிக்ஸில் வந்த பேச்சு அது. பாஸ் ஆவது ரொம்பச் சுலபம், இரண்டு பெண்கள் மழையைப் பற்றிப் பேசினாலும் பாஸ். நான் வேறு ஒன்றைத் தேடுவேன். இரண்டு பெண்கள் ஒரு முக்கியமான விஷயத்தில் கருத்து வேறுபட்டு, இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிற காட்சி. 2018 பிளாக் பாந்தரில் அது இருக்கிறது. வில்லன் கில்மாங்கர் அரியணையைப் பிடித்த பிறகு நாக்கியா ஒக்கோயாவை நம்மோடு வா என்கிறாள். ஒக்கோயா, யார் உட்கார்ந்தாலும் அரியணைக்கு நான் விசுவாசம் காட்ட வேண்டியவள் என்கிறாள். ஒருத்திக்கு நாடு என்றால் மக்கள், இன்னொருத்திக்கு நாடு என்றால் முறை. அந்தப் பக்கம் ஷூரி கிண்டலும் விஞ்ஞானமுமாக இருக்கிறாள், அம்மா ரமோண்டா இருக்கிறாள். யாரும் பெண்ணினத்தின் பிரதிநிதி இல்லை, அதனால் எல்லோருக்கும் தப்பு செய்ய இடம் இருக்கிறது.

எண்ட்கேமில் எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து நிற்கும் காட்சி? தியேட்டரில் விசில் பறந்ததே!

பறந்தது, சின்னப் பெண் குழந்தைகள் எழுந்து நின்று கைதட்டியதற்கு நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களில் பாதிப் பேர் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் அதற்குள் பாறைக்குக் கீழே கிடக்கிறாள்.

பெண்ணை வைத்து எடுத்தால் வசூல் ஆகாது என்று தயாரிப்பாளர் சொன்னால் என்ன பதில் சொல்வது?

2014ல் மார்வெலின் மேலதிகாரி ஒருவர் சோனிக்கு அனுப்பிய மின்னஞ்சல் அடுத்த வருஷம் வெளியே கசிந்தது. பெண் நாயகிப் படங்கள் ஓடாது என்பதற்கு 1984 சூப்பர்கேர்ள், 2004 கேட்வுமன், 2005 எலெக்ட்ரா ஆகியவற்றை அவர் வரிசைப்படுத்தியிருந்தார். மூன்றும் மோசமான படங்கள், அதில் சந்தேகமே இல்லை. 2011ல் க்ரீன் லாண்டர்ன் படுத்தபோது ஆண்களை வைத்து இனிமேல் எடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? பிறகு 2017ல் வொண்டர் வுமன் உலகம் முழுக்க 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, கேப்டன் மார்வெல் 100 கோடி டாலரைத் தாண்டியது. 2023ல் தி மார்வெல்ஸ் தோற்றதும் பழைய பாட்டை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்தில் லோகா ஓடியதைக் காட்டுங்கள், நம்ம ஊர்த் தயாரிப்பாளருக்கு அதுதான் புரியும்.

ஒகி புயலில் அப்பாவை இழந்த பெண்ணுக்குச் சக்தி கிடைக்கிற மாதிரி ஒரு கதை வைத்திருக்கிறேன் அக்கா. சரியாக வருமா?

வரும், ஆனால் ரொம்பக் கவனமாகச் செய்ய வேண்டிய கதை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் அந்தத் துக்கம் இன்னும் வீடுகளுக்குள் இருக்கிறது, அவர்கள் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

புயல் வந்தது 2017 நவம்பர் 30. உங்கள் கதாநாயகிக்கு நவம்பர் 29 அன்று என்ன வேண்டியிருந்தது? இதற்குப் பதில் எழுதிவிட்டு மீதியை எழுதுங்கள். நர்சிங் படிக்க வேண்டுமா, போட் எஞ்சின் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமா, பக்கத்து ஊர்ப் பையனைக் கட்ட வேண்டுமா, அம்மா மாதிரி மீன் விற்கப் போகாமல் எப்படியாவது இந்தக் கடற்கரையை விட்டே போக வேண்டுமா? எதுவானாலும் சரி, அப்பா சாவதற்கு முன்பே அவளுக்கு ஒரு மனசு இருந்திருக்க வேண்டும். சக்தி வந்த பிறகு அந்தப் பழைய ஆசையும் அவளை இழுக்க வேண்டும், அதை விட்டுக்கொடுத்தால் அவளுக்கு நிஜமாகவே நஷ்டம் தெரிய வேண்டும்.

அடுத்து, அவளைத் தனியாக விடாதீர்கள். அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்த மீனவ மக்கள் கூட்டத்தில் எவ்வளவு பெண்கள் இருந்தார்கள். கடற்கரை ஊரில் கடலுக்குப் போவது ஆண்கள் என்றாலும், மீனை விற்பது, கடன் வாங்குவது, சீட்டுப் பிடிப்பது எல்லாம் பெண்கள். அவளுக்கு ஒரு சித்தி இருக்கட்டும், நிவாரணப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடலாம் என்று சொல்கிற சித்தி. அந்தச் சித்தி சொல்வதும் நியாயமாக இருக்கட்டும். உங்கள் கதையின் முக்கியமான சண்டை கடலில் நடப்பதைவிட அந்த அடுக்களையில் நடந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

எனக்குக் கடல் தெரியாது, மேற்குப் பக்கம். வேறு களம் சொல்லுங்களேன்.

மார்த்தாண்டம் பக்கத்துக்காரர் என்றால் அண்டி ஆபீஸை விட நல்ல களம் எது? வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து முந்திரி உடைக்கிற இடம், தோட்டின் எண்ணெய் பட்டுத் தோல் பொள்ளிக் கறுத்த கைகள். அந்தக் கைக்கு ஒரு சக்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருத்திக்கு மட்டும் ஏன் வர வேண்டும், அந்த வரிசையில் நாலு பேருக்கு வரட்டும். ஒருத்தி அதை வைத்து முதலாளியைப் பழிவாங்க நினைப்பாள், ஒருத்தி மகள் கல்யாணம் முடியும்வரை யாருக்கும் தெரியக் கூடாது என்பாள், ஒருத்தி சங்கத்தில் சொல்ல வேண்டும் என்பாள், இன்னொருத்திக்கு அது பிடிக்கவே பிடிக்காது, கோயிலில் போய் எடுத்துக்கொள் என்று வேண்டுவாள். எந்தப் பெரிய ஸ்டுடியோ இதை எடுத்திருக்கிறது? செலவும் குறைவு.

நான் ஆண். பெண் பாத்திரத்தை நான் எழுதலாமா?

தாராளமாக. வொண்டர் வுமனை உருவாக்கியவர் ஆண், பிளாக் பாந்தரை எழுதிய இரண்டு பேரும் ஆண்கள். பெண் எழுதினால் தானாகச் சரியாகிவிடும் என்பதும் கிடையாது. வேலை செய்கிற பெண்களைப் பற்றி எழுதினால் அந்த வேலையைச் செய்கிற இரண்டு மூன்று பேரிடம் கதையை வாசித்துக் காட்டுங்கள், அம்மாவிடமும் அக்காவிடமும் மட்டும் காட்டினால் உங்கள் மனசு நோகக் கூடாது என்று நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிடுவார்கள். வாசிக்கும்போது, "இவ இப்படிச் சொல்ல மாட்டா மக்களே" என்று யாராவது நிறுத்தினால், அவள் என்ன சொல்வாள் என்று அவர்களிடமே கேட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதிய வசனம் படத்தில் வந்தால் டைட்டிலில் அவர்கள் பெயரையும் போடுங்கள், முடிந்தால் ஒரு தொகையும் கொடுங்கள்.